எறாவுக்குக் கவுண்டு, பசங்களுக்கு மார்க்கு

வாடா பேராண்டி, உக்காரு. படகு விளிம்புல வேணாம், பேண்ட்டுல தாரு ஒட்டிக்கும். இந்த வலைக்குவியல் மேல உக்காரு. இன்னா அது, போன்ல செவப்பும் பச்சையுமா கட்டம்? பள்ளிக்கூடங்களை வரிசை கட்டியிருக்காங்களா? நம்ம குப்பத்து ஒன்றியத் தொடக்கப்பள்ளி செவப்புக் கட்டத்துல வுழுந்துடுச்சா? அதுக்குத்தான் இம்மாம் பெருமூச்சா?

பட்டணத்துல ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்தவன் நீ. நான் பழவேற்காடு ஏரித் தண்ணியில ஊறுன கட்டை. எனக்குத் தெரிஞ்ச கணக்கைச் சொல்றேன், தப்புன்னா திருத்து.

எறா வாங்க வர்றவன் மொதல்ல இன்னா கேப்பான்? கவுண்டு இன்னான்னு கேப்பான். கிலோவுக்கு முப்பது எறா நின்னா முப்பது கவுண்டு. அறுபது நின்னா அறுபது கவுண்டு. நம்பர் ஏற ஏற எறா பொடிசு, துட்டும் பொடிசு. நம்பரைப் பாத்ததும் வாயைப் பொளக்கக் கூடாதுடா, அது எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாக்கணும். சரி, முகத்துவாரம் மண்ணு அடைச்சுகினா கடல் தண்ணி ஏரிக்குள்ள வராது. எறா வரத்தும் கொறைஞ்சுடும். அன்னிக்கு வலையைப் புடிச்சு அடிப்பியா நீ?

அந்தச் செவப்புக் கட்டத்துக்குள்ள யாரு உக்காந்துகினு இருக்காங்கன்னு பாத்தியா? பட்டினவர் ஊட்டுப் புள்ளை. இருளர் ஊட்டுப் புள்ளை. பள்ளிவாசல் தெருவுப் புள்ளை. மாதா கோயில் பக்கத்துப் புள்ளை. ஊட்ல தெலுங்கு பேசிட்டு வாசப்படி தாண்டுனா தமிழுக்கு மாறுற புள்ளை. ஏரியில பாதிக்கு மேல ஆந்திராவுலதானே கெடக்குது! எமிஸ்னு ஒரு கம்ப்யூட்டர்ப் பேரேடு இருக்குதாமே. சாதி கேக்குது, மதம் கேக்குது, தாய்மொழி கேக்குது, ரத்தம் இன்னா குரூப்புன்னு கூட கேக்குது. கொசு கூட ஒரு தடவைதான் கேக்கும். காலையில ஆத்தா எத்தினி மணிக்குத் தண்ணியில எறங்குனான்னு மட்டும் அது கேக்கறதில்ல.

இருளர் பொம்பளைங்களைப் பாத்திருக்கியா? கழுத்து மட்டும் தண்ணி. பறியைப் பல்லுல கடிச்சுகினு, கையால சேத்தைத் தடவித் தடவி எறாவைப் பொறுக்குவாங்க. வலை இல்ல, படகு இல்ல. அந்தத் தாயி கரையேறி வர்றதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிச்சு ஓஞ்சிரும். அவ பொண்ணு தம்பியை இடுப்புல வெச்சுகினு வாசல்ல நிக்கும். உன் கட்டத்துல அதுக்குப் பேரு 'வருகைக் குறைவு'.

இன்னொரு கூத்து. அஞ்சாவதுல எட்டே புள்ளைங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தனுக்குப் பரிட்சை அன்னிக்குக் காய்ச்சல். பன்னெண்டரை சதவீதம் போச்சு! ஒரு பயலுக்கு மூக்கு ஒழுகுனா பள்ளிக்கூடத்துக்கே சளி புடிச்ச மாதிரி எழுதுவாங்க. 2009-ல வந்த கல்விச் சட்டத்துல, அறுபது புள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சருன்னு இருக்குது. ரெண்டு பேரு, அஞ்சு வகுப்பு. ஒரு டீச்சர் கம்ப்யூட்டர்ல ரத்த குரூப்பு ஏத்திகினு இருந்தா, மிச்சம் எத்தினி பேரு? இதுக்கும் கால்குலேட்டர் வேணுமா?

அதோ போவுது பாரு தனியார் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன். டை, ஷூ, சாக்ஸு. மணல்ல சாக்ஸு போட்டு நடக்கறதுக்குத் தனியா ஒரு மார்க்கு போடலாம். பணம் கட்ட முடிஞ்ச ஊட்டுப் புள்ளையை அவன் ஏத்திகினு போறான். பெரிய எறாவா பொறுக்கித் தட்டுல அடுக்கி, எங்க ஏரி எறாவைப் பாத்தியான்னு கேட்டா எப்பிடி? கூடையோட கொட்டிக் காட்டுடா!

அதுக்காக நம்ம பள்ளிக்கூடம் தங்கம்னு சொல்லிடுவேன்னு பாத்தியா? மாட்டேன். 2005-லேர்ந்து 'அசர்'னு ஒரு கணக்கெடுப்பு நடக்குது. கிராமத்துக்கே வந்து, ஊட்டு வாசல்ல உக்காந்து, ரெண்டாங்கிளாஸ் பாடத்தைக் குடுத்துப் படிக்கச் சொல்லுவாங்க. கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லுவாங்க. இது நேர்மையான தராசு. அஞ்சாவது படிக்கிற பய அந்தப் பாடத்துல தடுக்கி வுழுந்தா, ஏரி மேலயே பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. நம்ம பயலுங்களுக்குப் பாடு முறை தெரியும். எந்த எடத்துல எந்த நாளு யாரு வலை கட்டணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனா அதையே பேப்பர்ல எழுதிக் குடுத்தா எழுத்துக் கூட்டறான். ஒத்துக்கிறேன்.

யாரு கெடுத்தது? மீனு நல்லா பட்டா, "ஒரு நாளு பள்ளிக்கூடம் போவலன்னா இன்னா, பெட்டி தூக்க வாடா"ன்னு இஸ்துகினு போறது யாரு? நானும் இஸ்தவன்தான். உங்கப்பனைக் கேளு. சாயங்காலம் டீச்சரைத் திட்டுனவனும் நான்தான்.

காமராசர் 1956-ல மத்தியானச் சோறு போட்டாரு. எம்ஜிஆர் 1982-ல அதைப் பெருசாக்குனாரு. 2023-லேர்ந்து அரசுத் தொடக்கப்பள்ளி எல்லாத்துலயும் காலையில உப்புமா, பொங்கல். நாங்க சோத்துக்குத்தான் போனோம், எழுத்து அதுபாட்டுக்கு ஒட்டிகினுச்சு. கௌரவக் கொறைச்சல் இல்லடா. வெறும் வயித்துல வாய்ப்பாடு ஏறுமா?

எதிர்ல தெரியுது பாரு ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-ல சந்திரயான் அங்கேர்ந்துதான் கெளம்புச்சு. ராக்கெட்டு வுடற அன்னிக்கு நம்மளைக் கடலுக்குப் போவாதேம்பாங்க. புள்ளைங்க கரையில நின்னு பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் தலைகீழா எண்ணும். ஒருத்தனும் தப்பா எண்ணமாட்டான். அதுக்கு ஒரு கட்டம் இருக்குதா உன் போன்ல?

ஒண்ணாவதுல வந்தப்போ பென்சில் புடிக்கத் தெரியாத பொண்ணு, இப்ப மூணாவதுல தம்பிக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுக்குது. எங்கேர்ந்து எங்க வந்துதுன்னு பாக்கற தராசு எது? தேடு, தேடு, டவர் கெடைச்சா கெடைக்கும்.

மணி அடிக்குது, கேட்டியா? இன்னிக்கு எத்தினி பேரு வந்திருப்பாங்கன்னு உன் போன் சொல்லுதா? நான் சொல்றேன். அங்க கரையைப் பாரு. நாலு படகு கனமா வந்து நிக்குது, தராசைத் தூக்கிகினு ஓடறானுங்க. அஞ்சாவதுல ரெண்டு பேரு, நாலாவதுல ஒருத்தன் கொறையும். போய் எண்ணிட்டு வா. வர்ற வழியில அந்த மூணு பயலையும் காதைப் புடிச்சு பள்ளிக்கூடத்துல தள்ளிட்டு வா. பெட்டியை நான் தூக்கிக்கிறேன்.