கிட்டார் யாருக்குல மாப்ள?

ஏல மாப்ள, செந்தூர் எக்ஸ்பிரஸ்ல வந்த ஒங்க சின்னம்மை கையில நீ குடுத்துவிட்ட தாள் வந்து சேந்துட்டு. கூட குடுத்துவிட்ட மைசூர்பாவும் வந்துட்டாம். எனக்குச் சர்க்கரைன்னு சொல்லி அதை ஒங்க அத்தை எங்கயோ ஒளிச்சு வச்சிட்டா. தாளை மட்டும் என் கையில தந்தா. எழுத கை நடுங்குது, அதனால போன்ல பேசி அனுப்புதேன். நீளமாப் போவும். டீ குடிச்சிட்டே கேளு.

தாள்ல பிள்ளையோட இடது கைய வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சிருக்கு. என் இரும்பு ஸ்கேலை வச்சு அளந்தேன். கட்டை வெரலு நுனியில இருந்து சுண்டு வெரலு நுனி வரைக்கும், நல்லா விரிச்சு வச்சுமே ஆறரை இஞ்சுதான் வருது. இந்தக் கைக்கா போன வாரம் 41 இஞ்சு கிட்டாரு படத்தை எனக்கு அனுப்பின? கருப்பா, பளபளன்னு, ஒரு பக்கம் தோளை வளைச்சு வெட்டி விட்டு! எருமைக்கன்னைத் தூக்கி ஒம்பது வயசுப் பிள்ளை மடியில வச்ச மாதிரில்லா இருக்கும். எட்டிப் பாத்தாத்தான் பிள்ளைக்கு அந்தப் பக்கம் தெரியும்.

அது டிரெட்நாட்னு ஒரு வடிவம், கூகுள்ல பாத்தேன்னு பெருமையாச் சொன்ன. நானும் பேரனை விட்டுப் பாக்கச் சொன்னேன். 1906ல வெள்ளக்காரன் கடல்ல எறக்கின போர்க்கப்பலு பேராம் அது. பெரிய வயிறு, பெரிய சத்தம், அதனால அந்தப் பேரை கிட்டாருக்கு வச்சிருக்கான். பொறந்தநாளுக்குப் பிள்ளைக்குப் போர்க்கப்பலு வாங்கிக் குடுத்த தகப்பன் நம்ம வகையறாவுல நீ ஒருத்தனாத்தான் இருப்ப.

பிள்ளைக்கு எந்தக் கை பழக்கம்னு போன்ல கேட்டேம்லா. அந்தப் பக்கம் பேச்சையே காணும். பொறவு ஒம் பொண்டாட்டி சத்தம்: "வலது கைதான், சொல்லுங்க." சரி, அது கெடக்கட்டும். பிள்ளை கிட்டாரு கேட்டாளா, இல்ல நீயா வாங்குதியான்னு கேட்டேன். "சும்மா, ஒரு சர்ப்ரைஸ் மாமா"ன்ன. அப்பவே எனக்குப் பொறி தட்டிட்டு.

நீ பதினொண்ணாப்பு படிக்கும்போது டிவியில மூடுபனி படம் போட்டான். 1980ல வந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது. பிரதாப் போத்தன் கிட்டாரை வச்சிக்கிட்டு ஷோபாகிட்ட ஒரு பாட்டுப் பாடுவாரு. அன்னைக்கு ராத்திரி எங்க அக்கா வீட்டு விளக்குமாத்தைக் கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னது யாரு? மச்சான்கிட்ட கிட்டாரு கேட்டு அழுதது யாரு? அவரு கணக்கு டியூசனுக்குப் பணம் கட்டினாரு. அந்தப் படத்துல கிட்டாரு வாசிச்ச பய கொலைகாரன், முழுப் படத்தையும் பாத்தியான்னு அன்னைக்கே ஒங்கிட்ட கேட்டேன். பாட்டோட எந்திரிச்சுப் போயிருக்க.

போட்டும். நாப்பது வருசம் மரத்தோட மல்லுக்கட்டினவன் சொல்லுதேன். கிட்டாரு வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனா கிட்டாரு எப்படி ஒடையும்னு தெரியும். 1974 கிறிஸ்மசுக்கு நம்ம கொயருக்குன்னு ஒண்ணு நானே செஞ்சேன். தேக்குப் பலகை, கட்டிலுக்கு எடுத்து வச்சது. உறுதியா இருக்கணும்னு மேல்பலகைய கால் இஞ்சு கனத்துக்கு விட்டேன். வஜ்ரம் காய்ச்சி, கம்பி மாட்டுத பிரிட்ஜை ஒட்டினேன். தட்டினா பீரோவைத் தட்டின மாதிரி சத்தம். அதுல ஸ்டீல் கம்பிய மாட்டி முறுக்கினாரு கொயர் மாஸ்டரு. முறுக்க முறுக்க, ரெண்டாவது கேரல் பாட்டுக்கு நடுவுல பிரிட்ஜ் பிச்சிக்கிட்டுப் பறந்து அவரு மூக்குக் கண்ணாடியில அடிச்சிது. நல்ல காலம், கண்ணுக்கு ஒண்ணும் ஆவல. பத்து வருசம் அவரு எங்கூடப் பேசல. பேசாத சமயம்தான் ரொம்ப நிம்மதியா இருந்துதுன்னு வையி.

ஏன் பறந்துது? ஆறு ஸ்டீல் கம்பியும் சேந்து எழுபது கிலோவுக்குக் கிட்ட இழுக்கும் மாப்ள. ஒங்க அத்தைய கல்யாணத்தன்னைக்கு அந்த மரத்துல கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இன்னைய கணக்கைச் சொல்ல மாட்டேன், பக்கத்துலதான் இருக்கா. தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம், பசை அவ்வளவு லேசுல பிடிக்காது. அது ஒரு தப்பு. கனம் ரெண்டாவது தப்பு. மேல்பலகை மூணு மில்லிமீட்டருக்குப் பக்கமா மெல்லிசா இருக்கணும், அப்பத்தான் அதிரும். இழுவையத் தாங்க உள்பக்கம் ரீப்பர் மாதிரி மெல்லிய சட்டம் ஒட்டியிருப்பான். நாற்காலி செய்யுத புத்தியில கிட்டாரு செய்யப் போனேன் நானு.

அந்தச் சட்டத்தை எக்ஸ் மாதிரி குறுக்க மறுக்க ஒட்டுத வித்தைய நல்லா வளத்தவன் ஒரு மார்ட்டின். அவன் கதை ஒனக்குத் தெரியுமா? ஜெர்மனியில மார்க்னாய்கிர்சென்னு ஒரு ஊரு. அவன் குடும்பம் மேசை, பீரோ செய்யுத தச்சுக் குடும்பம். வயலின் செய்யுத கூட்டம், "கிட்டாரு செய்யுதது எங்க உரிமை, நாற்காலி செய்யுத பயலுக்கு அதுல என்ன வேலை"ன்னு மல்லுக்கு நின்னுது. மனசு விட்டுப்போயி 1833ல அமெரிக்காவுக்குக் கப்பலேறி நியூயார்க்குல கடை போட்டான். சில வருசத்துல பென்சில்வேனியாவுல ஒரு சின்ன ஊருக்குக் குடி மாறினான். அந்த ஊரு பேரு என்ன தெரியுமா? நாசரேத்! நம்ம ஊரு பேரேதான்.

மெட்ராஸ்ல ஒரு கடையில கிட்டாரு வயித்துக்குள்ள எட்டிப் பாத்து பேரன் "நாசரேத்"னு வாசிச்சப்ப, நம்ம ஊருலயா செய்யுதான்னு ஒரு நிமிசம் எனக்கு நெஞ்சு நிமுந்துட்டு. விலைய வாசிச்சான். நெஞ்சு பழைய இடத்துக்கு வந்துட்டு. ஆனா ஒண்ணு, பிரேசில்காரன் உருட்டுக்கட்டைய வெளியில விடமாட்டேன்னதுக்குப் பொறவு 1969ல இருந்து அந்த நாசரேத்துக்காரன் முதுகுப் பலகைக்கு எடுத்தது நம்ம இந்தியாவுல வெளையுத ஈட்டி மரம். தோதகத்தின்னு நாங்க கட்டிலுக்கு ஆசைப்படுவோமே, அதேதான். அங்க உள்ளவன் மடியில பாடுது, இங்க நம்ம முதுகுக்குக் கீழ கெடக்கு.

பத்தாயிரம்தான் கையில இருக்குன்ன. தோதகத்திய மறந்துரு. அந்த விலையில ரோஸ்வுட்னு எழுதியிருந்தா மேல ஒட்டின தோலா இருக்கும், சிலதுல வெறும் சாயம். அதுக்காவ வெசனப்படாத. ஒட்டுப்பலகை ஒண்ணும் பாவம் இல்ல. நீ சித்திரை வெயில்ல பிள்ளைய இங்க கூட்டிட்டு வருவ, தேரிக்காட்டு வெக்கையில முழு மரம் வெடிக்கும், ஒட்டுப்பலகை தாங்கும். முழுப்பலகையா ஒட்டா எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேட்டா, நடுவுல உள்ள ஓட்டை விளிம்பைப் பாரு. மேல ஓடுத மரத்து ரேகை விளிம்புலயும் மடங்கி அப்படியே கீழ எறங்கினா முழுப்பலகை. விளிம்புல அடுக்கடுக்கா பிஸ்கோத்து மாதிரி தெரிஞ்சா ஒட்டு. கடைக்காரப் பய "சாலிட் டாப்"னா, வாயப் பாக்காத, ஓட்டையப் பாரு.

பிள்ளைக்கு வாங்க வேண்டியது முக்கால் சைசு, மொத்த நீளம் 36 இஞ்சுக்குப் பக்கம் வரும். நைலான் நரம்பு போட்டது. நைலான் இழுவை ஸ்டீல்ல ஏறக்குறைய பாதிதான், வெரலு அறுக்காது. யமஹாவுல சி.எஸ்.40ன்னு ஒண்ணு இருக்கு, அந்த அளவுல கணக்கானது. வேற கம்பெனியிலயும் இருக்கு. "சத்தம் மெதுவா இருக்கே"ன்னுட்டு நைலான் கிட்டாருல ஸ்டீல் கம்பிய மாட்டிராத. பொறவு ஒம் மூக்குக் கண்ணாடிக்கு நான் பொறுப்பில்ல.

ரெண்டாயிரம் ரூவாய்க்கு பையி, வாரு, அது இதுன்னு மூட்டையாக் கட்டி ஒண்ணு விக்கான் பாரு, அதுக்கிட்ட போவாத. நரம்பு முறுக்குத சாவி நிக்காது. இன்னைக்குச் சுருதி சேத்தா நாளைக்கு ஒப்பாரி வைக்கும். பிள்ளை அது கிட்டாரு கோளாறுன்னு நெனைக்க மாட்டா, தனக்கு வரலன்னு நெனைச்சு மூலையில சாத்திருவா.

கடைக்குப் போனா நான் பலகை பாக்குத மாதிரி பாரு. தலைப்பக்கம் தூக்கிப் பிடிச்சு, ஒத்தக் கண்ணை மூடி, கழுத்தோட வாட்டத்தைப் பாரு. கொஞ்சம் குழி விழுந்திருந்தா பரவால்ல, முறுக்கியிருந்தா கீழ வையி. குறுக்கால பதிச்சிருக்க கம்பி, ஃப்ரெட்டு, அதோட ஓரத்துல உள்ளங்கைய மேலயும் கீழயும் ஓட்டு. மீன் செதிலு மாதிரி உரசினா பிள்ளை கை கீறும். பன்னெண்டாவது ஃப்ரெட்டு நரம்போட சரிபாதி. அங்க ஃப்ரெட்டுக்கும் தடிச்ச நரம்புக்கும் இடைவெளி நைலானுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. ஸ்டீலுன்னா மூணே அதிகம். அதே பன்னெண்டுல ஒருதரம் அழுத்தித் தட்டு, ஒருதரம் சும்மா தொட்டுத் தட்டு. ரெண்டும் ஒரே சுருதியில வரணும். ஒனக்குக் காது கேக்காதுன்னா போன்ல ட்யூனர் இருக்கு, அதுக்குக் கேக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டாத் தட்டிக்கிட்டுப் போ, எங்கயாவது வண்டு மாதிரி "ர்ர்"ருன்னா சொல்லு, அங்கயே சரி பண்ணச் சொல்லு. வாங்குததுக்கு முன்னால செட்டப் பண்ணித் தாறேம்பான், வாங்கின பொறவு நாளைக்கு வாம்பான்.

பத்தாயிரத்தையும் கிட்டாருலயே கொட்டிராத. ரெண்டாயிரத்தைத் தனியா முடிஞ்சு வையி. பஞ்சு வச்ச பையி, ஒரு செட் நரம்பு, தலையில மாட்டுத ட்யூனரு, கால் வைக்க ஒரு சின்ன மணை. மணை நான் செஞ்சு அனுப்புதேன், அதுக்குக் காசு வேண்டாம், மைசூர்பா போதும், அத்தைக்குத் தெரியாம. முதல் ரெண்டு மாச வாத்தியார் சம்பளத்தையும் எண்ணி வச்சிக்க. பொறந்தநாளன்னைக்கு கேக்கு வெட்டினதும் "எங்க, ஒரு பாட்டு வாசி"ன்னு சொந்தக்காரங்க முன்னால நிறுத்திராத. பாவம்ல பிள்ளை.

இன்னொண்ணு. தாளை மடிச்சு பைபிள்ல வைக்கலாம்னு திருப்பினேன் மாப்ள. பின்பக்கம் பேனாவால இன்னொரு கை வரைஞ்சிருக்கு. பெருசா. மோதிர வெரல்ல மோதிரமும் தெரியுது. அதையும் அளந்துட்டேன், ஒம்பது இஞ்சு. அந்தக் கைக்கு 41 சரியாத்தான் இருக்கும், ஆனா கருப்பு வேண்டாம், விரலு ரேகை அப்பும். அதுக்கு இன்னும் ஒரு பத்தாயிரம் ஆவும். ஒம் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுதன்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம், நாளைக்கு ராத்திரி அத்தை தூங்கின பொறவு கூப்பிடு.