மினிட்ஸ் நோட்டு யார்கிட்ட இருக்கு தாயி?

வா தாயி, இப்பிடித் திண்ணையில உக்காரு. பொங்கலுக்கு வந்த புள்ள மொகத்த உம்முன்னு வச்சிக்கிட்டு போனையே நோண்டிக்கிட்டிருந்தா, ஒங்க பாட்டி எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவா. என்ன, ஒங்க பல்கலைக்கழகக் கல்விக்குழுவுல ஒனக்கும் ஒரு நாக்காலி போட்டுட்டாங்களாமே? மொதக் கூட்டத்துலயே நியாயம் கேக்கப்போறேன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியாம். கேளு, நல்லாக் கேளு. யாரு வேண்டான்னா?

நான் அஞ்சாப்புதான். நீ டாக்டர் பட்டம் வாங்கியும் ஊசி போடத் தெரியலையேன்னு ஒங்க பாட்டிக்கு இன்னைக்கும் வருத்தம். ஆனா கமிட்டின்னா என்னன்னு எனக்குத் தெரியும். நம்ம கண்மாய்க்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் வந்தப்போ நான்தான தலைவரு. ஒரு நா நோட்டப் பொரட்டுறேன், மடை ரிப்பேருக்கு ஏகமனதாத் தீர்மானம், நான் வழிமொழிஞ்சதா எழுதியிருக்கு. தேதியப் பாத்தா சனிக்கிழமை. அன்னைக்கு நான் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில ஒரு கெடாய்க்குப் பல்லப் பிடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கேன்! கேட்டதுக்கு எழுதுனவன் சொல்லுதான், "நீங்க வந்திருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பீங்க?" அன்னையிலருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேசுறவன் மொகத்தப் பாக்குறதில்ல. எழுதுறவன் கையத்தான் பாப்பேன்.

ஒங்க இடத்துலயும் அதே கததான். அஜெண்டா தலகாணி கனத்துக்கு வரும்னு நீயே சொன்ன. ஆனா வெவகாரமான சமாச்சாரம் அதுல இருக்காது, கூட்டத்தன்னைக்கு டேபிள் அயிட்டம்னு தனித்தாளா வரும். எப்ப வரும்? வடை வாரப்பதான் வரும். ஒரு கையில வடை, ஒரு கையில டீக் கிளாசு. தூக்குறதுக்கு எந்தக் கை இருக்கு? "அப்ரூவ்டா?"ம்பாங்க, எல்லாரும் வாயில வடையோட தலையாட்டுவாங்க. நீ எண்ணெப் பலகாரம் எனக்கு ஆகாதுன்னு மொதல்லயே சொல்லிரு. டாக்டர் சொன்னாருன்னு சொல்லு, பொய்யில்லையே, நீதான டாக்டரு.

இதையும் தாண்டி அவசரம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அவசரம்னா துணைவேந்தர் தானே முடிவெடுக்கலாம், பொறவு சிண்டிகேட்டுங்கிற ஆட்சிக்குழுவுல வந்து சொன்னாப் போதும். ராட்டிஃபை பண்ணுறதாம். நெல்ல அறுத்து வித்துட்டு, "அறுக்கலாமா"ன்னு களத்துமேட்டுல வந்து கேக்குற மாதிரி.

ஒங்களுக்குத் துணைவேந்தரே இல்லையோ? அதுவுஞ்சரிதான். நம்ம மாநிலத்துல எத்தன பல்கலைக்கழகம் அப்பிடிக் கெடக்கு! வேந்தரு கவர்னரு, இணைவேந்தரு மந்திரி. துணைவேந்தர் தேடுற கமிட்டியில யு.ஜி.சி. ஆளு ஒருத்தர் வேணும்னு கவர்னரு, வேண்டாம்னு கவர்மெண்டு. 2025 ஏப்ரல் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, துணைவேந்தர் நியமனத்த கவர்மெண்டு கைக்கு மாத்துறதும் சேத்து, கவர்னர் கெடப்புல வச்ச 10 மசோதாவும் ஒப்புதல் ஆனதாவே கணக்குன்னு சொல்லிருச்சு. பட்டாசு வாசம் போகல, மே 21-ந் தேதி மெட்ராஸ் ஹைகோர்ட்டு துணைவேந்தர் நியமனச் சங்கதிய நிறுத்தி வச்சிருச்சு. மாமனும் மச்சானும் வண்டிய யாரு ஓட்டுறதுன்னு சண்ட போட, மாடு ரெண்டும் நொகத்தடியில நின்னுக்கிட்டே தூங்குது. பட்டத்தாள்ல கையெழுத்துப் போட மெட்ராசுலருந்து உயர்கல்விச் செயலாளர் வந்தாகணும். அவருக்கு ஒங்க பல்கலைக்கழகம் ஒண்ணு மட்டுமா?

தரம் பாக்க நாக் கமிட்டி வந்த கூத்தச் சொன்னியே, அத நெனச்சு நேத்து ராத்திரி தனியாச் சிரிச்சேன். பூச்செடியெல்லாம் தொட்டியோட வந்து எறங்கி, கமிட்டி கெளம்புன மறுநா தொட்டியோடவே போயிருச்சா? வாடகைக்குச் சீர்வரிசை எடுத்துப் பொண்ணு காட்டியிருக்காங்க தாயி.

சரி, நீ என்ன கேக்கப்போற? பதவி உயர்வுக்கு சி.ஏ.எஸ். நேர்காணல், பாக்கிச் சம்பளம், ரூமுக்கு ஃபேனு. ம்... நியாயந்தான். ஆனா தலைமடைக்காரன் சங்கத்துல எந்திரிச்சு எனக்குத் தண்ணி பத்தலேன்னா, சுத்தி இருக்கிறவன் துண்டால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். ஒன்கூடப் படிச்ச புள்ள ஒருத்தி இங்க வந்து கூழ் குடிச்சுட்டுப் போச்சே, கவர்மெண்டு காலேஜுல கௌரவ விரிவுரையாளருன்னு? கௌரவம்னு பேருக்கு முன்னால வந்தா பையில ஒண்ணும் சேராது. நான் கோயில் கமிட்டியில கௌரவத் தலைவரா இருந்தவன். உண்டியல் தொறக்கிற அன்னைக்கு மட்டும் எனக்கு ஆளனுப்ப மறந்துருவாங்க. அந்தப் புள்ளைக்கு அப்ப மாசம் 25,000. யு.ஜி.சி. 2019-லயே வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு எழுதி வச்சிருக்கு. மே மாசம் சம்பளங் கெடையாது. மே மாசம் வயிறும் லீவு போட்டுக்குமோ என்னமோ. ஒங்க டிப்பார்ட்மெண்டுலயும் அப்பிடி ரெண்டு புள்ளைக இருக்குன்ன. பாதிப் பாடம் அதுக நடத்துது, கமிட்டியில மட்டும் அதுகளுக்கு நாக்காலி கெடையாது. அதுதான் கடைமடை. நீ அதுகளுக்குப் பேசு.

பேசுனா பதிவாளர் என்ன சொல்வாரு? "சம்பளம் இங்க பேசுற விசயம் இல்லம்மா, அது சிண்டிகேட்டு." ஆமா, சட்டம் அப்பிடித்தான். நீ ஏன் சம்பளம்னு வாயெடுக்கணும்? பாடம் கல்விக்குழு விசயந்தான? இந்த வருசம் எந்தப் பாடம் எத்தன மணி நேரம் நடந்துச்சு, நடத்துனது நிரந்தர ஆளா, கௌரவ ஆளான்னு ஒரு பட்டியல் வைக்கணும்னு கேளு. பாலு மாதிரி வெள்ளக் கேள்வி, மறுக்க முடியாது. பட்டியல் வந்துட்டா அது மினிட்ஸுல ஏறும். மினிட்ஸுல ஏறுனது ஒரு நா சிண்டிகேட்டு மேசைக்கும் போகும், கோர்ட்டுப் படிக்கட்டும் ஏறும்.

தரமாட்டோம்னா சத்தம் போடாத. தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சமாகும். "என் மாற்றுக் கருத்தைக் குறிப்பில் பதிவு செய்ய வேண்டுகிறேன்"னு ஒரு தாளுல எழுதிக் குடுத்து, நகல்ல தேதியோட சீல் வாங்கிரு. அடுத்த கூட்டத்துல மொத அயிட்டமே போன மினிட்ஸ உறுதி செய்யுறதுதான். எல்லாரும் அப்பதான் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டிருப்பாங்க. நீ மட்டும் வரிவரியாப் படி. ஒம்பேரு வழிமொழிஞ்ச எடத்துல இருக்கான்னும் பாத்துக்கோ.

ஆப்பு வச்சிருவாங்களோன்னு பயமா? வைப்பாங்க. விடுதிக் காப்பாளர் வேல குடுப்பாங்க, தேர்வுத் தாள் கட்டுக் கட்டா வரும், சர்டிபிகேட் கமிட்டி, விளையாட்டு விழாக் கமிட்டின்னு ஆறு கமிட்டியில பேரு போடுவாங்க. போடட்டும். கமிட்டிக்கு ஒரு நோட்டு உண்டுல்ல?

அந்தக் கெழக்கு மாடக்குழியில பாரு, என் சங்கத்துப் பேனா இருக்கும். பொட்டியில கார்பன் தாளும் கெடக்கு. மாத்துக் கருத்த இப்பவே ஒரு தடவ எழுதிப் பழகு, ஒங்கையெழுத்துக் கோழி கிண்டுன மாதிரி இருக்கும்.

ஏ கெழவி! உளுந்து வடையோட வராத. புள்ள எழுதிக்கிட்டிருக்கு.