தக்காளி சார்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை, திருவையாற்றிலிருந்து மன்னார்குடி வரை, எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு தக்காளி சார் அகப்படுவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். பிள்ளை வெளிநாட்டில் இருப்பான். வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு. அங்கே வடகம் காயவைக்க மனைவி பிடித்துவைத்திருந்த இடத்தை, ஒவ்வொரு பையாக நகர்த்தி நகர்த்தி, அவர் ஆக்கிரமித்திருப்பார். நான் சொல்லப்போவது எங்கள் தெருக்காரரைப் பற்றி. உங்கள் தெருக்காரர் என்று நினைத்துப் படித்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

இவர்கள் யாரும் நேராகத் தக்காளிக்கு வருவதில்லை. இந்த மண்ணில் எந்தக் கிறுக்கும் நெல்லில்தான் தொடங்கும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் சீடரான நெல் ஜெயராமன் 2006இல் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா ஆரம்பித்தார். 2018இல் அவர் காலமானபோது 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டிருந்தார். அந்தத் திருவிழாவில் ஒரு ஏற்பாடு: உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள், அவர் விளைவித்து அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்து, ஜாமீன் எதுவும் இல்லாமல் ஓடிய அந்த வங்கியைப் பார்த்து, வாழ்நாளெல்லாம் நகைக்கடனுக்கு மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிய நம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கிக்கொண்டு வந்தார்.

நிலம் குத்தகையில் இருந்தது. குத்தகைக்காரர் நெல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நல்ல நெல்லுதாங்க ஐயா. ஆனா ஆள் உசரத்துக்கு வளந்து, ஒரு மழைக்குச் சாஞ்சு படுத்துக்கும். அறுப்பு மிஷின்காரன் என்னையத்தான் ஏசுவான். நான் ஆடுதுறை நெல்லுல்ல போட்டிருக்கேன்” என்றார். விதைநெல் ஒரு எவர்சில்வர் தூக்கில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வண்டு பிடித்தது. நான்கு கிலோ திரும்பிப் போகவே இல்லை. கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் தாமே வராக்கடன் ஆனார். அதற்குப் பிறகு திருத்துறைப்பூண்டி வழியாக வேளாங்கண்ணிக்குப் போகிற பேருந்தில்கூட அவர் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

தக்காளிக்கு வயல் வேண்டாம், குத்தகைக்காரர் தயவும் வேண்டாம். பை போதும்.

நீங்கள் அவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருப்பீர்கள். முகூர்த்தத் தேதியைச் சொல்வதற்குள், “நீங்க இதுவரைக்கும் சாப்பிட்டதெல்லாம் தக்காளியே இல்ல, தெரியுமா?” என்பார். இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது. நம் காய்கறிக் கடைகளில் இரண்டே சாதிதான்: புளிப்பும் சாறுமாக ரசத்துக்கு ஆகிற நாட்டுத் தக்காளி, கெட்டித் தோலோடு ஒரு வாரம் தாங்குகிற பெங்களூர்த் தக்காளி. பெங்களூர்த் தக்காளியை அவர் தக்காளிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நாட்டுத் தக்காளி என்றால் குரல் குழையும். நம் முன்னோர், நம் மண், நம் மரபு. அந்த வரிசையில் பேர்போன பி.கே.எம். 1 ரகம், தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி விஞ்ஞானிகள் வேண்டுமென்றே சடுதி மாற்றத்தை உண்டாக்கி எடுத்தது. காம்போரம் பச்சைத் தோளோடு, லாரியில் தொலைதூரம் போனாலும் நசுங்காமல் சேருவதற்காகப் பெயர் வாங்கியது. இதை அவரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. “பெரியகுளமும் தமிழ்நாடுதானே” என்று முடித்துவிட்டார்.

சரித்திரத்திலும் அவருக்கு இதே தைரியம். பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010இல். கொலம்பஸ் அமெரிக்கப் பக்கத்துத் தீவுகளில் கரையேறியது 1492இல். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரம் காடாக வளர்ந்து, மெக்சிகோவில் வீட்டுப் பயிராகி, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த காய் தக்காளி. ஆகவே ராஜராஜன் தக்காளி ரசம் சாப்பிட்டிருக்கவே முடியாது. சோழன் இலையில் தக்காளி இல்லை என்பதை சார் ஒரு சொந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். கடைசியில் அவர் வாயை அடைத்தது சரித்திரப் பேராசிரியர் யாருமல்ல, திதிக்குச் சமைக்க வந்தவர். மாடியில் பறித்த முதல் பழங்களை ஆசையாகக் கூடையில் கொண்டுபோய் வைத்தாராம். சமையல்காரர் கரண்டியாலேயே கூடையை ஓரம் தள்ளி, “திதிக்கு இது ஆகாதுங்க, சீமைக் காய். பெரியவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை” என்றார்.

டெல்டாவில் தக்காளி வளர்ப்பது என்பது ஊர் வழக்கத்துக்கு எதிராகப் போட்ட மேல்முறையீடு. இங்கே மண் களிமண். நெல் நிற்கிற தண்ணீரில் தக்காளி வேர் அழுகும். ஆற்றுப் படுகையில் கொஞ்சம் காய்கறி நடக்கும். மற்றபடி நமக்குத் தக்காளி ஒட்டன்சத்திரம் லாரியில் வருவது. சித்திரை வெயிலில் இரவும் புழுங்குவதால் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஐப்பசி மழையில் செடியே உதிரும். நடுவில் கிடைக்கிற நாளில் வெள்ளை ஈ வந்து இலையைச் சுருட்டிவைக்கும். பேராவூரணித் தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பச்சை வலை, மூங்கில் குச்சி என்று செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்க நேர்ந்ததே, அப்போதுதான் அவர் முகத்தில் வெற்றிக் களை தெரிந்தது. “இப்ப பாத்தியா?” என்று மனைவியிடம் கேட்டார். “நம்ம வீட்டுத் தக்காளி அப்பவும் இதைவிட விலைதாங்க” என்றார் அந்த அம்மாள். அவர் கணக்கு வாத்தியார் மகள்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் தக்காளி சாரைப் பற்றிச் சொல்லி முடியாது. தக்காளியைக் கண்டுபிடிப்பது சார், சமைப்பது அம்மாள். சாருக்கு ஒரு தக்காளி என்றால் அதன் பெயர், பூர்வீகம், விதை வந்த வழி. அம்மாளுக்கு அது ரசத்துக்கா, தொக்குக்கா, அவ்வளவே.

ஒரு முறை அமெரிக்காவிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய விதையில் பச்சை வரித் தக்காளி காய்த்தது. 1983இல் டாம் வாக்னர் என்கிற அமெரிக்கர் வெளியிட்ட ‘கிரீன் ஜீப்ரா’. பழுத்தாலும் பச்சைதான். வரிகளுக்கு இடையில் லேசாக மஞ்சள் ஓடும், தொட்டால் இளகும், அதுதான் அடையாளம். மாடிப் பழங்களில் பாதியை வழக்கமாகத் தின்றுவிடும் அணில் இதைச் சீண்டவில்லை. சார் தினமும் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தார். ஒரு நாள் கூட்டுறவு வங்கிக்குப் போய்த் திரும்பிவந்தபோது எல்லாப் பழமும் கூட்டில் இருந்தது. “காயா இருக்கே, சிவக்க வேற மாட்டேங்குதே, வீணாப் போகப்போகுதுன்னு பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சுட்டேன்” என்றார் அம்மாள். இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன்: கூட்டு பிரமாதம். கொஞ்சம் தித்திப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது கறுப்புத் தக்காளி. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ‘இண்டிகோ ரோஸ்’. நாவற்பழத்தில் இருக்கிற ஆந்தோசயனின் நிறமி இதன் தோலிலும் உண்டு. அதுவும் வெயில் பட்ட பக்கம் மட்டும் கறுக்கும். தெருவில் ஐந்தாறு பேரைக் கறுப்பு ரசம் குடிக்க அழைத்திருந்தார். அன்று சமையல் அவருடையது. அம்மாளை அடுப்பங்கரைப் பக்கம் வரவிடவில்லை. மரபு என்றால் ஈயச் சொம்பில் வைக்க வேண்டும் என்று, மாமியார் வைத்துவிட்டுப் போன சொம்பைப் பரணிலிருந்து இறக்கினார். அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை ஏற்றினார். உள்ளே போகும் முன் தக்காளியை ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று தோன்றியது. வெளிச்சம் போதாமல் வாசல் திண்ணைக்குப் போனார். பக்கத்தில் ஒரு துளசி இலை வைத்தார். துளசி வாடியிருந்ததால் வேறு இலை பறிக்கப் போனார். ஈயச் சொம்பில் புளித்தண்ணீரோ பருப்புத்தண்ணீரோ இல்லாமல் தீ காட்டக் கூடாது என்பது நம் ஊரில் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அவர் திரும்பி வந்தபோது, பாட்டி காலத்துச் சொம்பு அடுப்பின் மேல் தளதளவென்று படர்ந்து, பர்னர் ஓட்டை ஒன்றிரண்டை அடைத்திருந்தது.

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார், அதோடு சரி. ரசமும் கறுக்கவில்லை. அந்தப் பழத்துக்கு உள்ளே வழக்கமான சிவப்புத்தான். வந்தவர்கள் வழக்கமான நிறத்தில் ஒரு ரசத்தைக் குடித்துவிட்டு, “ஆமா சார், கொஞ்சம் கறுப்பாத்தான் தெரியுது” என்றார்கள். தஞ்சாவூர்க்காரர்களிடம் மரியாதைக்குக் குறைவு கிடையாது.

இதற்கப்புறம்தான் நிஜமான கண்டுபிடிப்பு நடந்தது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் விதைக்காமல் ஒரு செடி முளைத்துச் சுவரோரம் படர்ந்தது. மாடியில் ராஜ உபசாரம் பெற்ற செடிகள் சுருண்டு கிடக்க, இது சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பழம் நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே பூசணிக்காய்க்கு இருப்பதுபோல் பள்ளம் பள்ளமாக வரி, மெல்லிய தோல். வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு தித்திப்பு. அம்மாள் அதில் கொத்சு வைத்தார். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கீறின பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். பழத்தைக் கத்தி படாமல் கையாலேயே பிசைந்து விட்டு, கடைசியில் ஒரு கை வெந்த பாசிப்பருப்பு. புளி விடவில்லை, தேவைப்படவில்லை. வெண்பொங்கலுக்குத் தொட்டுக்கொண்டால் சிதம்பரத்தார் தங்கள் கத்தரிக்காய்க் கொத்சை நமக்கு விட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. இவர் வீட்டுத் தக்காளியில் பொய் சொல்லாமல் பாராட்டும்படி எனக்கு அமைந்தது இது ஒன்றுதான்.

சார் இரவு தூங்கவில்லை. மறுநாள் செடிக்குக் ‘காவிரிக் கொடி’ என்று பெயர் வைத்தார். சாக்கடையோரம் என்பது சரித்திரத்திலிருந்து நீக்கப்பட்டது. “எங்க கொள்ளுப்பாட்டி காலத்திலேருந்து கொல்லையில இருக்கிற ரகம்” என்று ஒரு வாரத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. முறைப்படி விதையும் எடுத்தார்: விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு முளைப்பைத் தடுக்கும் என்பதால், சதையோடு டம்ளரில் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, நுரை கட்டியதும் அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினார். அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்றே நினைத்தார்கள். பிறகு தாளில் மடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் விநியோகம். நிபந்தனை, ஆதிரெங்கத்தில் கேட்டதுதான்: பத்து விதை வாங்கினால் இருபதாகத் திருப்ப வேண்டும்.

இந்த முறை கடன்காரர்கள் நாணயமானவர்கள். தை கழிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் பழத்தோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கிண்ணங்களைத் திறந்தால், ஒன்றில் பழம் உருண்டை. ஒன்றில் முட்டை போல நீளம். கும்பகோணத்துக்காரர் கொண்டுவந்தது மஞ்சள் ஓடியது. ஒன்றில் மட்டும் வரி இருந்தது, ஆனால் பழம் எலுமிச்சை அளவு.

வந்தவர்களில் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். அவர் பொறுமையாகச் சொன்னார்: தக்காளி தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் சூல் கொள்ளும் பயிர், நிலைத்த ரகமாக இருந்தால் விதை அப்படியே அதையே தரும். கொல்லையில் முளைத்தது தள்ளுவண்டியில் வாங்கின ஏதோ ஒரு ஹைபிரிட் பழத்தின் பிள்ளை. ஹைபிரிட் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒன்றுபோல் இருக்காது. பாட்டன் பாட்டி சொத்தை ஆளுக்கொரு விதமாகப் பிரித்துக்கொள்ளும். நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி ஏழெட்டுத் தலைமுறை விதைத்தால் ஒரு ரகமாக நிலைக்கும்.

யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தம்முடையதுதான் அசல் காவிரிக் கொடி, மற்றவர்கள் தண்ணீர் விடுவதில் ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்றார். சத்தம் ஏறியது. சார் எழுந்து, “இரு, இவளக் கேப்போம். மொதல்ல சமைச்சது இவதானே” என்று அம்மாளைக் கூப்பிட்டார். அம்மாள் வந்து எல்லாக் கிண்ணத்தையும் ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பழம் எடுத்து நசுக்கி முகர்ந்தார். கூடம் அமைதியானது.

“இத்தனை பேருக்கும் பொங்கல் வடிச்சிருக்கேன். கொத்சுக்கு இது போதுமா தெரியலையே” என்று சொல்லி, நான்கு கிண்ணத்தையும் ஒரே சட்டியில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இலை போட்டார்கள். சாட்சி முழுவதும் கரைந்துபோயிருந்தது. கும்பகோணத்துக்காரர் முதல் வாய் எடுத்து வைத்ததும் கண்ணை மூடினார். “இந்தப் புளிப்பு இருக்கே, இது என்னோடது” என்றார். மன்னார்குடிக்காரர், புளிப்பு வேண்டுமானால் அவருடையதாக இருக்கட்டும், அதற்குப் பின்னால் வருகிற தித்திப்பு தம்முடையது என்றார். சார் இரண்டாவது தடவை கொத்சு கேட்டார்.