உடைஞ்சிருச்சு சார்

ஒரே படிவம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. வெல்டிங் சரியில்லாத 12 பிராக்கெட்டுகளுக்கு நேரே ‘டெஸ்ட்ராய்டு’ என்று எழுதியிருந்தேன். “குண்டு போட்ட மாதிரி இருக்கு சார், ஸ்கிராப்னு போடுங்க” என்றார் என் மகன் வயதுள்ள ஆடிட்டர் தம்பி. போட்டேன். “ஸ்கிராப்னா, இனி யாரும் பயன்படுத்த முடியாதுங்கிறதுக்கு ஆதாரம்?” கேஸ் கட்டரால் இரண்டிரண்டாக அறுத்த போட்டோவை இணைத்தேன். “அட, டெஸ்ட்ராய் பண்ணிட்டீங்களா! அதை எழுதியிருக்கலாமே?”

அவர் மேல் தப்பில்லை. அதுதான் எரிச்சல். வண்டி உதிரிபாகத் தொழிலுக்கான ஐஏடிஎஃப் 16949 விதி, கழித்த பொருளை உதவாதபடி ஆக்கிவிட்டுத்தான் வெளியே அனுப்பச் சொல்கிறது. இல்லாவிட்டால் அது புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடை வழியாக யார் வண்டியிலாவது ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐஎஸ்ஓ 9000-இல் ரிவொர்க் வேறு, ரிப்பேர் வேறு. முன்னது பழையபடி டிராயிங்குக்கு வந்தாக வேண்டும். பின்னது டிராயிங்குக்கு வராது, ஆனால் வேலைக்கு ஆகும். என் முழங்கால் ரிப்பேர்.

இவ்வளவும் டிரெயினிங்கில் படித்துவிட்டு, டீக்கடைக்கு வந்தால் நமக்கு ஒரே சொல்தான். அட்டைப்பெட்டி கசங்கினால் டேமேஜ். மேனேஜர் முன்னால் மானம் போனாலும் டேமேஜ். டெஸ்ட்ராய்க்கும் டெமாலிஷுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்று.

ஆங்கிலத்தில் அழிவுக்கு அத்தனை சொல் இருந்தும் ‘உடைஞ்சிருச்சு’க்கு ஈடு இல்லை. ‘பிரேக்’ என்கிற வினைக்கு, தானாக உடைந்ததா நீ உடைத்தாயா என்ற கவலையே கிடையாது. தமிழில் ஒற்றெழுத்து ஒன்று வேலையைக் காப்பாற்றும். உடைத்தது என்றால் மெமோ, உடைந்தது என்றால் விதி. வல்லினம் வந்தால் குற்றம். மெல்லினம் வந்தால் குற்றவாளியே இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஒரகடம் வரை இருபது வருஷம் பார்த்துவிட்டேன். யாரும் எதையும் உடைத்ததில்லை. டிரில் பிட் உடைஞ்சிருச்சு. ஹோஸ் பிய்ஞ்சிருச்சு. பெல்ட் அறுந்திருச்சு. கேஜ் கைதவறி விழுந்திருச்சு. யார் கை என்று கேட்கக்கூடாது. ஃபோர்க்லிஃப்ட் தானே போய்த் தூணில் இடிச்சிருச்சு. ஓட்டியவர் உள்ளே பயணியாக உட்கார்ந்திருந்தார். போன வாரம் டார்க் ரெஞ்ச் காணாமப் போயிருச்சு. கம்பெனி பஸ்ஸைக்கூட நாம் விடுவதில்லை, அதுதான் போயிருச்சு.

ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் மூலகாரணம் பிடிபடும் என்று டொயோட்டா உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தது. நம் லைனில் வந்து கேட்டிருக்க வேண்டும். ‘பின்’ (pin) ஏன் உடைந்தது? லூஸ் ஆயிருச்சு. ஏன் லூஸ்? தேஞ்சிருச்சு. ஏன் தேய்ந்தது? பழசாயிருச்சு. ஏன் மாற்றவில்லை? ஸ்டாக் தீந்திருச்சு. ஏன் வாங்கவில்லை? மெயில் ஸ்பாமுக்குப் போயிருச்சு. ஐந்து ஏனும் முடிந்தது, வழியில் ஒரு மனுஷன்கூடத் தட்டுப்படவில்லை. கடைசிக் கட்டத்தில் ‘ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதி மூடுகிறோம். வழங்கியவரும் யாருமில்லை.

நானும் யோக்கியனில்லை. அந்த 12 பிராக்கெட்டா? கரன்ட் செட்டிங் மாறிருச்சு.

கீழே இருப்பவனுக்காவது மெல்லினத்தோடு சரி. மேலே இருப்பவர்களுக்கு ஆங்கிலமே இருக்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா கைபேசி ஆலையில் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றபோது, சொன்ன சொல் ‘சஸ்பெண்ட்’. ஏதோ தற்காலிகம் போல. ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அதில் பெண் பிள்ளைகளே அதிகம், வேலை போயிருச்சு. அதற்கு எந்த ஆடிட்டர் தம்பியும் ‘சரியான சொல்லைப் போடுங்க சார்’ என்று படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கம்பெனி அந்த லைனை மறுபடி ஓட்டவும் இல்லை.

டெஸ்ட்ராய்க்கும் டெமாலிஷுக்கும் வித்தியாசம் கேட்டுக் காத்திருப்பவர்கள் மன்னிக்கவும். பக்கம் தீந்திருச்சு. நான் தீர்க்கவில்லை.