காலஞ்சென்ற சந்தாதாரரின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
காலஞ்சென்ற சந்தாதாரர்,
தாம்பரம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவின் தலைவர் அவர்கள்,
எங்கள் வட்டாரத்தின் ஒப்பற்ற பிராட்பேண்ட் நிறுவனம்.

பொருள்: என் மறைவை ஒட்டித் தங்களுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தில், டஸ்ட் 2 களத்தில் நான் இயற்கை எய்தினேன். சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒதுங்கிய பிறகு எய்தினேன் என்பதுதான் இதில் தங்கள் பங்களிப்பு. என் திரையில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். சர்வரில் என் உடலைத் தாண்டிக்கொண்டு எதிரி போய்க்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த சாவு எனக்கு மட்டும் கடைசியாகச் சொல்லப்பட்டது. அடுத்த சுற்றிலும் காலமானேன், அதற்கடுத்த சுற்றிலும். அணியில் ஒரு பையன், குரலைக் கேட்டால் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டான், “அங்கிள், நீங்க ஓடாதீங்க. ஏகே-வைக் கீழ போட்டுட்டு ஓரமா நில்லுங்க” என்றான். போட்டேன். எடுத்துக்கொண்டவன், கையோடு என்னை வெளியேற்ற வாக்கெடுப்பும் வைத்தான். நால்வரும் ஒருமனதாக வழியனுப்பினார்கள். அந்தக் கணத்தில்தான் தங்கள் குறுஞ்செய்தி வந்தது: “தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.” அது மட்டும் ஒரு மில்லிசெகண்டும் தாமதிக்கவில்லை.

அன்று காலை பதினோரு மணிக்குத் தாங்கள் அனுப்பிவைத்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் ஏணியோடு வந்தவர். போனை எடுத்து ஸ்பீட் டெஸ்ட் போட்டார். நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்கு நூற்று மூன்று காட்டியது. “மூணு எக்ஸ்ட்ராவே வருது பாருங்க சார்.” எந்த சர்வரோடு பேசி அளக்கிறது என்று எட்டிப் பார்த்தேன், தங்களுடையதேதான். தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். தவிரவும், பகல் பதினோரு மணிக்கு என் தெருவில் இன்டர்நெட் பயன்படுத்துவது நானும் நாலு காக்கையும்தான். ராத்திரி ஒன்பதுக்கு வாங்க தம்பி என்றேன். “ஆறு மணிக்கு மேல டூட்டி இல்ல சார்.” லேக் என்கிற இந்தத் தாமதத்துக்கு ஆறு மணிக்கு மேல்தான் டூட்டி. போகிறபோது, “கேம் சர்வர்ல ஏதோ பிராப்ளம் சார்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சர்வர் மேல் பழியில்லை ஐயா. சுடுகிறவன் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அந்தக் கணத்துக்குக் காலத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்துத்தான் அது தீர்ப்புச் சொல்கிறது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். எதிரியின் கண்ணில் நான் இன்னும் வெளியில்தான் நின்றேன். நான் ஒதுங்கிய தகவல் தங்கள் பாதுகாப்பில் எங்கோ இருந்தது.

தங்கள் அழைப்பு மையம் சொன்ன பரிகாரங்களையெல்லாம் உயிரோடிருந்த காலத்திலேயே செய்து முடித்துவிட்டேன். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு வந்தேன். ஸ்டீம் டவுன்லோடையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தினேன். வீட்டில் ஒருவர் வீடியோ அப்லோடு செய்தாலே தகவல் பொட்டலங்கள் ரௌட்டரில் வரிசை கட்டி பிங், அதாவது அவை போய்த் திரும்பும் நேரம், ஏறிவிடும் என்பதால் மனைவியின் போன், மகளின் டேப், டிவி எல்லாவற்றையும் துண்டித்தேன். அன்றைக்கு நிஜமாகவே சாவு வீட்டு அமைதி. டிஎன்எஸ்ஸை மாற்றச் சொன்னார்கள். சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுமே, ஆட்டத்துக்கு நடுவில் அது என்ன செய்யும் என்று கேட்டேன். “அப்ப பிளானை முந்நூறுக்கு மாத்திடலாமா சார்?” என்றது அந்தக் குரல். இந்த ஆட்டத்துக்கு ஓரிரு எம்பிபிஎஸ்ஸே தாராளம். பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தைக் குறையுங்கள் என்று கெஞ்சுகிறவனிடம், ஒரே நேரத்தில் இன்னும் அதிகப் பொட்டலம் அனுப்பலாம் என்று விற்பதற்கு ஒரு மன உறுதி வேண்டும். வணங்குகிறேன்.

பொழுதுபோகாத ஆவியாக நானே துப்புத் துலக்கினேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய, அந்த நேரத்தை அளக்கும் பிங் நிரல் இன்றும் ஏதோ ஒரு வடிவில் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கிறது, இலவசம். என் மேசையிலிருந்து ரௌட்டருக்கு 1 மில்லிசெகண்ட். ரௌட்டரிலிருந்து தங்கள் முதல் நிலையத்துக்குப் பகலில் 2, இரவில் 140. வழித்தடத்தைக் காட்டும் ட்ரேசர்ட்டையும் ஓட்டினேன். நடுவில் ஒரு வரியில் மட்டும் எண் எகிறினால் பொருட்படுத்த வேண்டாம். எகிறிய எண் கடைசி வரி வரை இறங்கவில்லை என்றால்தான் குற்றம். இறங்கவில்லை.

அதோடு இன்னொரு அதிசயமும் தெரிந்தது. நான் ஆடும் சர்வர் சென்னையில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயில் ஓடுகிறது. என் தோட்டாவோ மும்பைக்குப் போய்ச் சென்னைக்குத் திரும்புகிறது. உள்நாட்டுத் தகவல் இப்படி ஊர் சுற்றக் கூடாது என்றுதான் 2003-இல் நிக்ஸி என்ற இணைப்பகத்தை அமைத்தார்கள். சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. போகட்டும், மும்பையே இருக்கட்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போகும்போது மும்பை சுற்றிச் சுமார் 2,000 கிலோமீட்டர், பதில் வரும்போது 2,000. ஆக 20 மில்லிசெகண்ட். வளைவு சுளிவுக்கு மொய்யாக இன்னும் 30 போடுகிறேன். ஐம்பது. ராத்திரி என் திரையில் 190.

மிச்சம் எங்கே போச்சு? கியூவில நிக்குது. நாலு வீட்டுக்குக் காணாத லைனை நாற்பது வீட்டுக்கு வித்துட்டு, எல்லாரும் ஒரே நேரத்துல உட்கார்ந்தா ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கங்கிறீங்க. காசை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கிறீங்க. பன்னாட்டு நுழைவாயில் வரைக்குமே 120 மில்லிசெகண்டுக்குள்ள போகணும்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2006-லயே விதி போட்டிருந்துச்சு. நான் நாட்டைத் தாண்டக்கூட இல்லை. புகாரைத் தீர்க்காமலே தீர்த்தாச்சுன்னு மூடுறீங்களே, வெட்கமா இல்லை?

மன்னிக்க வேண்டும் ஐயா, ரத்தக் கொதிப்பு. பிணத்துக்கு ஏது கொதிப்பு என்று தாங்கள் கேட்கலாம்; நியாயம்தான்.

தாழ்மையான கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இரவு ஒன்பதரைக்கு யாரையாவது அனுப்பி வையுங்கள். ஸ்பீட் டெஸ்ட் வேண்டாம். என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று ஆடட்டும். டீ, முறுக்கு, இறுதி மரியாதை எல்லாம் என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள ஆவி.

பி.கு.: அடுத்த மாதச் சந்தாவை அனுப்பிவிட்டேன். மும்பை வழியாக வருகிறது. வழியில் கொஞ்சம் தொலையவும் கூடும். வந்து சேராவிட்டால் தங்கள் அலுவலக மெயின் சுவிட்சை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யவும். எப்படியானாலும் எங்கள் பதிவேட்டில் பணம் திருப்திகரமாகச் செலுத்தப்பட்டுவிட்டது.