பலூன் தப்பியதற்குப் பொறுப்பு மரமா, பிளாஸ்டிக்கா? துப்பாக்கிக் கட்டை குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சிக்கல்: சாரல் விழுந்துவிட்டால் கடையநல்லூரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், மீதி வீடு, குற்றாலம் போனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். போனவர்கள் பேரருவியில் குளித்து, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி, பலூன் சுடும் கடை முன் வந்து நிற்பது ஐதீகம். அங்கே எழும் கேள்வியை அறிவுலகம் இன்றுவரை சீண்டவில்லை: தோளில் அணைக்கும் கட்டை மரமாக இருப்பது நல்லதா, பிளாஸ்டிக்காக இருப்பதா?

எல்லை: 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி மட்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத இவ்வகைக்கு உரிமம் வேண்டாம். மச்சினன் பார்க்கச் சுடும் துணிச்சல் போதும்.

மரத் தரப்பு: மரம் ஈரம் குடிக்கும், குடித்தால் உப்பும், உப்பினால் உள்ளே பொருந்திய இரும்பை நெருக்கும், குறி நூலிழை நகரும். அக்ரூட் கட்டையில் ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளைக்காரன் இதற்கு வைத்தியம் பார்த்தான். லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குச் சிப்பாயின் உடல்வாகு பார்த்துப் பின்கட்டையை நான்கு நீளங்களில் செய்தான். குற்றாலத்திலோ தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே கட்டை.

பிளாஸ்டிக் தரப்பு: அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் நைலான் கட்டையோடு 'நைலான் 66' துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1959இல் டாம் ஃபிரை என்பவர் அதை வைத்துக்கொண்டு, மேலே வீசிய 1,00,010 மரத்துண்டுகளில் 6 மட்டுமே தவறவிட்டார். பிளாஸ்டிக் மரத்தை வென்றதற்கு இதைவிட நேரடிச் சான்று கேட்பவர்கள் வம்புக்காரர்கள்.

களத்தில் கண்டவை: மரக்கட்டையால் சுட்டுத் தவறியவர், "சாரல்ல கட்டை உப்பிட்டு மச்சான்" என்கிறார். அறிவியல் அவர் பக்கம். பிளாஸ்டிக்கால் தவறியவருக்கு அந்த வழி அடைபடுகிறது. "குழல் வளைஞ்சிருக்குல்லா" என்கிறார். கடைக்காரர் அதே துப்பாக்கியை வாங்கி, சில்லறை எண்ணிக்கொண்டே ஒரு பலூனை உடைத்துக் காட்டுகிறார். கருதுகோள் அங்கேயே உயிரை விடுகிறது. மரமானால் அப்போதும் தப்பிக்கலாம்: "அவருக்கு அந்தக் கட்டை பழகிட்டு."

மறுப்பு: நாலு எட்டு தூரத்தில் தலையளவு பலூன். நூலிழை நகர்ந்தால் அதற்கென்ன? உண்மைக் காரணம் வேறு. வில்விசைத் துப்பாக்கி, குண்டு குழலைத் தாண்டுமுன்பே முன்னும் பின்னும் உதறும். பட்டும் படாமல் தாங்க வேண்டியதை நம்மவர்கள் பேருந்துக் கம்பியைப் போல இறுக்கிப் பிடிக்கிறார்கள். கட்டைகள் இரண்டும் நிரபராதிகள்.

முடிவு: கட்டையின் பொருள் குறியைத் தீர்மானிப்பதில்லை, சாக்கைத் தீர்மானிக்கிறது. எனவே மனைவி வீட்டாரோடு வருபவருக்கு மரக்கட்டையும், தனியே வருபவருக்கு பிளாஸ்டிக்கும் கொடுக்கக் கடைக்காரர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். மச்சினன் எதைப் பிடித்தாலும் பலூன் உடைகிறதே என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு நிதி கோரியிருக்கிறோம், மாமனாரிடம்.