தண்டால் தரகர்

மாநகராட்சிப் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு யாராவது குனிந்து தரையில் கை ஊன்றினால் போதும், பக்கத்தில் பளிச்சென்று இரண்டு ஷூக்கள் வந்து நிற்கும். "தம்பி, எந்தத் தண்டால்?" என்று மேலிருந்து குரல் வரும். அவர்தான் தண்டால் தரகர். கழுத்தில் துண்டு உண்டு. துடைக்க வியர்வைதான் இருக்காது.

கல்யாணத் தரகருக்குப் பத்துப் பொருத்தம். இவருக்கு எடை, தோள், மணிக்கட்டு, வயசு என்று நாலு. "எழுபது கிலோவா? சாதாரணத் தண்டால்ல உடம்பு எடையில 64 சதவீதம் கையில இறங்கும். அதாவது 45 கிலோ. தாங்குவியா? முட்டி போட்டா 34. இந்த ரெண்டடி மேடையில கையை வெச்சா 29தான். காலைத் தூக்கி மேடையில வெச்சுப் பாரு, 52! மேல்மார்பு தானா எழும்பும்."

"மார்புக்குன்னா கையை அகட்டி வைக்கணுமாமே சார்?" என்று பையன் கேட்டுவிட்டால் போச்சு. "யாருப்பா சொன்னது? தசையில மின்துடிப்பையே அளந்து பார்த்துட்டாங்க. கையை நெருக்கி வெச்சாத்தான் மார்புக்கும் வேலை, பின்கைக்கும் வேலை."

சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான் சங்கடம். அவர் பேச்சைக் கேட்டு மேடையில் கைவைத்து ஆரம்பித்தார் ஒரு வங்கி ஊழியர். நெஞ்சு மேடையைத் தொடும்படி சுத்தமாகப் பன்னிரண்டு வந்ததும் தரைக்கு இறங்கினார். தரையிலும் பன்னிரண்டு வந்ததும் கால் மேடைக்கு ஏறியது. இப்போது அவர் பழைய சட்டைக்கு நெஞ்சுப் பொத்தான் எட்டுவதில்லை. தரகருக்கு அதில் தனிப் பெருமை. புதிதாக வருகிறவர்களிடம் அந்தச் சட்டையைத்தான் காட்டுவார்.

"நீங்க எது சார் எடுப்பீங்க?" என்பது மட்டும் கேட்கக் கூடாத கேள்வி. நெருக்கிக் கைவைத்தால் மணிக்கட்டுக்கு ஆகாது. அகட்டினால் தோளுக்கு ஆகாது. காலைத் தூக்கினால் தலை சுற்றும். கைதட்டி எழும் தண்டாலுக்குப் பூங்காத் தரை சரியில்லை. முட்டி போடலாமே என்றால், அது கௌரவத்துக்கு ஆகாது. மேடையில் கைவைக்கலாம்தான், ஆனால் அங்கே அவருடைய ஃபிளாஸ்க்கும் செய்தித்தாளும் இருக்கின்றன. ஊருக்கெல்லாம் முடித்துவைத்தவருக்குத் தமக்கென்று ஒரு வரன் இன்னும் திகையவில்லை.

அதற்கும் மேல் யாராவது விடாப்பிடியாக நின்றால் கடைசி அஸ்திரம் புறப்படும். "இன்னிக்கு எனக்கு ரெஸ்ட், தம்பி. தசை வளர்றதே ஓய்வுலதான், தெரியுமில்ல?"

அதுவும் உண்மைதான். அவர் எடுத்திருக்கும் ஓய்வுக்குப் பூங்காவிலேயே பெரிய மார்பு அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். வளர்ந்தும்தான் இருக்கிறது, என்ன, ஒரு சாண் கீழே.